காற்றில் தண்ணீர் வடித்தவர்

02.08.2021 — ரூ. 19,000
22.12.2023 — ரூ. 1,42,600
29.02.2024 — ரூ. 3,17,450
04.03.2024 — ரூ. 25,000

முதலாவது, எபினேசர் கார் ஓட்டச் சேர்ந்த அன்று பேசிய மாதச் சம்பளம். இரண்டாவது, அந்தக் காரைப் பழுது பார்க்க ஆன செலவு. மூன்றாவது, அவருடைய வலது கையைப் பழுது பார்க்க ஆன செலவு. நான்காவது, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு அவர் மனைவி செண்பகத்திடம் முதலாளி கொடுத்தது. ஐந்தாவதாக ஒரு தொகை வரவேண்டியிருந்தது. அது என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டுமானால் லாரியிலிருந்து தொடங்க வேண்டும்.

திருப்பாச்சூருக்கு வடக்கே உள்ள காலனியில் பிறந்தவர் எபினேசர். அவருடைய அப்பா தாவீது, பிறர் நிலத்தில் நாற்று சுமந்து கூலியை நெல்லாக வாங்கியவர். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவர் இம்மானுவேல், இளையவர் எபினேசர். இருவரும் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் சேற்றிலும் கால் வைக்கவில்லை. ஸ்டியரிங் பிடித்தார்கள். முதலில் கும்மிடிப்பூண்டி ஆலைகளின் இரும்புக் கம்பியை ஏற்றினார்கள். வள்ளூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் அதன் சாம்பலை ஆந்திராவின் சிமெண்ட் ஆலைகளுக்கு ஏற்றினார்கள். அண்ணனுக்கு ஒரு வண்டி, தம்பிக்கு ஒரு வண்டி.

லாரியின் பிரேக் காற்றால் பிடிக்கிறது. இன்ஜினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி, அடியில் தொங்கும் டேங்குகளில் நிரப்பும். இந்தப் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். பழவேற்காட்டுப் பக்கமிருந்து அடிக்கும் காற்றில், புதிதாக வெட்டிப் போட்ட தகடு மறுநாள் காலையில் பழுப்பேறிக் கிடக்கும். அந்த ஈரம் டேங்கின் அடியில் தண்ணீராகத் தேங்கும். அதை வெளியேற்ற டேங்குக்குக் கீழே ஒரு வளையம் உண்டு. காலையில் வண்டியை எடுக்குமுன் குனிந்து அதை இழுத்தால் புஸ்ஸென்று தண்ணீர் வெளியேறும். ஒரு நிமிட வேலை. செய்யாமல் விட்டால் காற்று இருக்கவேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். மிதிக்கிற நேரத்தில் பிரேக் இருக்காது.

2014ஆம் ஆண்டு இம்மானுவேலுக்கு மஞ்சள் காமாலை கண்டது. அவர் படுத்திருந்த நாட்களில் ஒரு மாற்று டிரைவர் அவருடைய வண்டியை ஓட்டினான். உடம்பு தேறியதும் இம்மானுவேல் ஊத்துக்கோட்டையில் வழியில் நின்று, பாரம் ஏற்றி வந்த வண்டியில் அப்படியே ஏறிக்கொண்டார். மாற்று டிரைவர் இறங்கிக்கொண்டான். புத்தூர் தாண்டி ஓர் இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. இம்மானுவேல் பிழைக்கவில்லை.

போலீஸ் நிலைய வளாகத்தில் மெக்கானிக் அந்த டேங்கைத் திறந்தபோது எபினேசர் பக்கத்தில் நின்றிருந்தார். டீ டிகாஷன் நிறத்தில் அரை வாளித் தண்ணீர் வந்தது. மாற்று டிரைவரும் அங்கேதான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். "வடிக்கச் சொல்லி எனுக்கு யாரும் சொல்லலண்ணே," என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். எபினேசர் அவனை அடிக்கவில்லை. அந்த வார்த்தையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்று முதல் வளையம் இழுப்பது அவருக்கு ஜெபத்துக்கு முந்திய காரியமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பும்போதும், தெருமுனையில் நிற்கும் லாரியடியில் வெள்ளைச் சட்டையோடு குனிவார்.

"கர்த்தரு காத்துக்கினு இருப்பாரு, டேங்கு இருக்காது போல," என்று செண்பகம் நொடிப்பாள்.

"கர்த்தருக்குத் துரு புடிக்காதும்மே," என்பார் அவர்.

கொரோனாவுக்குப் பிறகு முதுகு தாங்கவில்லை. லாரியை விட்டார். திருவள்ளூரில் வீடும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வார்ப்பட ஆலையும் வைத்திருந்த ஆதிகேசவனிடம் கார் ஓட்டச் சேர்ந்தார். ஆதிகேசவன் பள்ளிப்பட்டுக்காரர். பேச்சில் பாதி தெலுங்கு வாடை. கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் எதிரில் நிற்பவன் 'நைனா'தான். இடுப்பு மூட்டை மாற்றியிருந்ததால் தாழ்வான காரில் ஏற முடியாது. அதற்கென்றே செகண்ட் ஹேண்டில் ஒரு ஜெர்மன் கார் வாங்கியிருந்தார். அதில் சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லை. நான்கு ரப்பர் காற்றுப்பைகள். டிரைவர்கள் அதைப் பலூன் என்பார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் கார் எழுந்து நிற்கும். முதலாளி ஏறி உட்கார்ந்ததும் தானாக இறங்கிக்கொள்ளும்.

முதல் சர்வீசுக்குச் சென்னையில் ஒரு பணிமனைக்குக் கொண்டுபோனார். அங்கே பொறுப்பிலிருந்த பையன் பென்னி.

"தம்பி, இதுல தண்ணி வடிக்கிற வளையம் எங்க கீது?"

"எந்தத் தண்ணி அங்கிள்?"

"காத்துல வர்ற தண்ணிதான். கம்ப்ரசர் கீதே, தண்ணி வராமயா பூடும்?"

பென்னி சிரித்தான். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"இது இன்னா பதினாலு வீலா அங்கிள்? இதுல தண்ணியெல்லாம் நிக்காது. ஏசிய போட்டுக்கினு ஜம்முனு ஓட்டுங்க."

எபினேசரும் சிரித்துவிட்டு வந்தார். ஆனால் பெரியபாளையம் வரும்வரை அந்தச் சிரிப்பு அவருக்குள் புளித்துக்கொண்டே வந்தது. கம்ப்ரசர் இருக்கிற வண்டியில் தண்ணீர் இல்லை என்று சொல்பவன், அடுப்பு இருக்கிற வீட்டில் புகை இல்லை என்று சொல்பவன். வளையத்தை வைக்க மறந்துபோயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை ஆலை ஷெட்டில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடித்துவிட்டு, முன்சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் தேடினார். உள்ளே ஒரு சிறிய பெட்டியிலிருந்து மெல்லிய குழாய்கள் பிரிந்து போயின. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பித்தளை நட்டு. கைக்கு எட்டிய நட்டை ஸ்பேனர் போட்டு அரைச் சுற்றுத் தளர்த்தினார். உஸ்ஸென்று காற்று வந்தது. விரலை வைத்துப் பார்த்தார். ஈரம். கார் அந்தப் பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்தது. நட்டை இறுக்கினார். இன்ஜினைப் போட்டதும் கம்ப்ரசர் ஓடி, கார் மறுபடி நிமிர்ந்தது.

நனைந்த விரலைத் துடைக்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு வாரந்தோறும் சனிக்கிழமை வடித்தார். யாரிடமும் மறைக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. பல் துலக்கியதை ஒருவர் வந்து சொல்வாரா? இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. மழைக்காலத்தில் ஈரம் கூடுதலாகத் தெரிந்தது. போகப்போகக் கம்ப்ரசரும் அடிக்கடி ஓடத் தொடங்கியது. உள்ளே தண்ணீர் கூடுகிறது என்று அவர் எண்ணினார். அது சரிதான். ஏன் கூடுகிறது என்பதில்தான் தவறினார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. சிப்காட் சாலைகளில் முழங்கால் தண்ணீர். புயல் ஓய்ந்த பின் ஒரு காலையில், ஆதிகேசவன் வீட்டு வாசலில் கார் முன்காலை மடித்துப் படுத்த மாடுபோலக் கிடந்தது. பட்டனை அழுத்தினால் எழவில்லை. வண்டியில் ஏற்றிப் பணிமனைக்கு அனுப்பினார்கள். கம்ப்ரசர் உள்ளே துருப்பிடித்து இறுகியிருந்தது. அந்த மாதம் இந்த வட்டாரத்தில் எது கெட்டாலும் பழி புயல் மேல்தான் விழுந்தது. இதுவும் அப்படியே விழுந்தது.

ஆதிகேசவன் பில்லைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு லட்சத்து நாப்பத்திரண்டாயிரம்! இன்னா நைனா, இது காரா, கல்யாண மண்டபமா? டப்பு தண்ணியா போவுதே!"

"தண்ணியாலதான் மொதலாளி போச்சு," என்றார் எபினேசர். அவர் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாரம் ஒரு முறை போதவில்லை. லாரியைத் தினமும் வடித்த மனிதன், இதற்கு மட்டும் ஏன் சனிக்கிழமை என்று வைத்தான்? சோம்பல். பெரிய வண்டி, சின்ன வண்டி என்று பார்த்த திமிர்.

புத்தாண்டு பிறந்ததிலிருந்து தினமும் வடித்தார்.

பிப்ரவரி 17, சனிக்கிழமை. முதலாளியை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, ஷெட்டில் காரை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். மண்டியிட்டு, சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் இடையே வலது கையை முழங்கை வரை விட்டார். இரண்டு வருடம் தளர்த்தியும் இறுக்கியும் தேய்ந்திருந்த நட்டு, அன்று அரைச் சுற்றில் நிற்கவில்லை. கழன்றே வந்துவிட்டது. குழாய் தெறித்து விலகியது.

லாரியில் டேங்கை எவ்வளவு காலி செய்தாலும் லாரி இறங்காது. அதைத் தாங்குவது இரும்புப் பட்டை. இந்தக் காரைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தக் காற்றுதான். எபினேசருக்கு இது தெரியாததல்ல. கார் விரல்கடை தாழ்வதைத் தினமும் பார்த்தவர்தானே. தலைக்குத் தெரிந்திருந்தது. இருபத்தைந்து வருடம் லாரியடியில் பழகிய கைக்குத் தெரிந்திருக்கவில்லை.

கார் இறங்கியது. டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் கை நின்றுவிட்டது.

கத்தினார். பக்கத்து உலையின் இரைச்சலில் அது அவருக்கே கேட்கவில்லை. சாவி வலது பாக்கெட்டில் இருந்தது. இடது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி, விரல் நுனியால் அதை உருவி எடுத்தார். பூட்டும் பட்டனை அழுத்தினார். கார் கீச்சென்று கூவி விளக்கைச் சிமிட்டியது. மறுபடி அழுத்தினார். மறுபடி கூவியது. கேட்டிலிருந்த வாட்ச்மேன் வரதன் தலையைத் திருப்பினான்.

"இன்னாண்ணே, வண்டியோட வெளாட்டு காட்டிக்கினுகீற?" என்று அங்கிருந்தே கேட்டுவிட்டு, வந்த லாரிக்குக் கதவு திறக்கப் போனான்.

கார் கூவிக்கொண்டே இருந்தது. லாரி உள்ளே போன பிறகு, எரிச்சலோடு திட்டத்தான் வரதன் நடந்து வந்தான். சக்கரத்தருகே வந்ததும் அவன் வாயிலிருந்த வசவு அப்படியே நின்றது. ஜாக்கி கொண்டுவர ஓடினான்.

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. மணிக்கட்டு திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டணத்தை ஆதிகேசவன் கட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு செண்பகத்திடம் இருபத்தைந்தாயிரம் கொடுத்து, "கைச்செலவுக்கு வெச்சிக்கோம்மா. இன்சூரன்ஸ் வரும். நான் வுட மாட்டேன்," என்றார். ஆலைத் தொழிலாளர் பட்டியலில் எபினேசர் பெயரும் இருந்தது. காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொண்டால் ஆஸ்பத்திரிச் செலவு முதலாளிக்குத் திரும்பும். கைக்கான நட்ட ஈடு எபினேசருக்கு வரும். ஓட்டுநர் உரிமம் இனி உதவாது. மகள் பிரின்சி நர்சிங் இரண்டாம் ஆண்டு. வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. அந்தப் பணம் வந்தால் குடும்பம் நிற்கும்.

மார்ச் கடைசியில் பென்னி தேடிக்கொண்டு வந்தான். சாத்துக்குடிப் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது அங்கிள்."

"நீ சிரிச்சதுக்கா கை போச்சு? வுடு."

"இல்ல அங்கிள். நீங்க கேட்டது சரியான கேள்வி. அதுக்கு வழி வெச்சிருக்காங்க. கம்ப்ரசருக்குப் பக்கத்துல ஒரு டப்பா. உள்ள வெள்ளையா மணி மணியா இருக்கும். புது ஷூ பொட்டில சின்னதா பொட்டலம் போடுவாங்களே, அந்த மாதிரி. காத்து உள்ள போறப்போ அந்த மணி ஈரத்த குடிச்சிக்கும்."

"குடிச்சிக்கினே இருந்தா ரொம்பிப் பூடாது?"

"அதுக்குத்தான் வண்டி இறங்கறப்போ காத்து அதே டப்பா வழியா வெளிய போவும். காஞ்ச காத்து. போறப்போ மணில இருக்கற ஈரத்த வாரிக்கினு பூடும். மொதலாளி ஏறி உக்காந்தப்புறம் வண்டி தாழறப்போ 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம் கேக்குமே?"

எபினேசருக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். இரண்டரை வருடம் தினமும் கேட்டிருக்கிறார்.

"அதான் அங்கிள் வடிக்கிறது. அது தானே வடிச்சிக்கும்."

செண்பகம் டீ டம்ளரோடு நடையிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்க நட்ட தொறந்து வுட்ட காத்து அந்த டப்பா வழியா போவல. குறுக்கால பூடுச்சு. நட்டும் தேஞ்சி கசிஞ்சிருக்கு. கசியக் கசியக் கம்ப்ரசர் புதுக் காத்த இழுக்கும். புதுக் காத்துன்னா புது ஈரம். மணி ரொம்பிடுச்சு. அப்புறம்தான் நெசமாவே தண்ணி உள்ள போச்சு."

"மொத நாளே விரல்ல ஈரம் பட்டுதே தம்பி. நான் பாத்தேனே."

பென்னி தலையைக் குனிந்துகொண்டான். "அமுக்கி வெச்ச காத்து பீறிக்கினு வந்தா சில்லுனு ஆவும். அந்தச் சில்லுக்கு வெளில இருக்கற ஈரம் வந்து படியும். ஐஸ் தண்ணி சொம்பு வேர்க்குமே, அது மாதிரி. மொத நாள் நீங்க பாத்தது உள்ள இருந்து வந்ததா இருக்காது அங்கிள்." பிறகு, "கம்ப்ரசர் மாத்தறப்போ நட்டுல ஸ்பேனர் தழும்பு பாத்தேன். முன்னாடி வெச்சிருந்தவங்க வேலைன்னு நெனச்சி இறுக்கி அனுப்பிட்டேன்," என்றான்.

அவன் போன பிறகு எபினேசர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையைவிட அந்த விரல் ஈரம்தான் அவரை அதிகம் வாட்டியது. அண்ணன் வண்டியில் ஒருவன் செய்யத் தவறியதைத் தான் செய்கிறோம் என்ற நிம்மதியை இரண்டு வருடம் அவருக்குக் கொடுத்தது அந்த ஈரம்.

ஜூன் மாதம் காப்பீட்டு நிறுவனம் விசாரணைக்கு ஆள் அனுப்புவதாகத் தகவல் வந்தது. முந்தின நாள் ஆதிகேசவன் கைத்தடியோடு வந்தார். நாற்காலி தாழ்வு என்று நின்றபடியே பேசினார்.

"நைனா, அவன் கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணுதான். யார் சொல்லி கைய வுட்டன்னு கேப்பான். மொதலாளி பாக்கச் சொன்னாருன்னு சொல்லு. நான் ஆமான்னு சொல்லிடறேன். நான் சொன்னா அது வேலை. நீயா செஞ்சா அது வேலையில்லையாம். வக்கீல் சொல்றாரு."

"நீங்க சொல்லலியே மொதலாளி."

"அட, சொன்னதா வெச்சிக்கோ! உனுக்கும் நல்லது, எனுக்கும் நல்லது. பேஜாரு பண்ணாத."

அவர் போனதும் செண்பகம் பிடித்துக்கொண்டாள். "பிரின்சி அப்பா, மூணே வார்த்த. 'மொதலாளி பாக்கச் சொன்னாரு.' எங்க, சொல்லு."

சொன்னார். அன்று மாலைக்குள் பலமுறை சொல்ல வைத்தாள். கடைசி முறை சரளமாகவே வந்தது.

விசாரணைக்கு வந்தவர் பெயர் வீரராகவன். நடுவயது. குரலில் கடுமை இல்லை. முதலில் கையைப் பார்த்தார். பெயர், வயது, எத்தனை வருட அனுபவம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"யார் சொல்லி அந்த நட்டைக் கழற்றினீங்க?"

"மொதலாளி..." என்று தொடங்கினார் எபினேசர். அடுக்களையில் செண்பகம் கழுவிய தட்டோடு நின்றாள்.

"அன்னிக்கு மட்டும் சொன்னாரா? தினமும் சொல்வாரா?"

எபினேசர் விழித்தார். இதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

வீரராகவன் புன்னகைத்தார். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. இருபத்தஞ்சு வருஷ டிரைவர்னு சொல்றீங்க. தண்ணி வடிக்கணும்னு ஒருத்தர் சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியுமா?"

"இதெல்லாம் ஒருத்தர் வந்து சொல்லணுமா சார்?" வார்த்தை வெளியே வந்துவிட்டது. "டிரைவர்னா அவனேதான் செய்யணும். டெய்லி நானேதான் செஞ்சேன்."

அடுக்களையில் ஒரு தட்டு விழுந்தது.

வீரராகவன் உடனே எழுதவில்லை. பேனாவை மூடினார். அவர் கெட்டவர் அல்ல. "யோசிச்சுச் சொல்லுங்க, எபினேசர். நான் மறுபடி கேக்கறேன். யாராவது சொன்னாங்களா?"

எபினேசர் யோசித்தார். போலீஸ் நிலைய வளாகமும் டிகாஷன் நிறத் தண்ணீரும் கண்ணில் வந்தன. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த அந்த ஆளும் வந்தான். யாரும் சொல்லாததால் செய்யவில்லை என்றான் அவன். யாரோ சொன்னதால்தான் செய்தேன் என்று இவர் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே குரலில் கேட்டன.

"எங்க அண்ணன் வண்டில வடிக்காம வுட்டவனும் யாரும் சொல்லலன்னுதான் சார் சொன்னான்," என்றார். "எனுக்கு யாரும் சொல்லல. யாரும் சொல்லத் தேவையில்ல. செஞ்சது தப்பா பூடுச்சு. ஆனா நானாத்தான் செஞ்சேன்."

வீரராகவன் பேனாவைத் திறந்து எழுதினார். கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் செண்பகம் கேட்டாள். "செத்த அண்ணனுக்காக ஒரு கை. உயிரோட கீற எங்களுக்கு இன்னா?" அடுத்த வாரம் அவள் சிப்காட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டப் போனாள். ஆதிகேசவன் வருவதை நிறுத்திக்கொண்டார். வரதனிடம், "அரிச்சந்திரன் எப்படி கீறான்?" என்று மட்டும் எப்போதாவது விசாரிப்பாராம். அந்தக் காரையும் விற்றுவிட்டார்.

நிறுவனத்திலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. முதலாவது மருத்துவச் சான்று கேட்டது. இரண்டாவது மருத்துவச் சான்று கிடைத்ததாகச் சொன்னது. மூன்றாவது கடைசிக் கடிதம். ஆங்கிலத்தில் ஒரே பத்தி. பிரின்சி அதை வாய்க்குள் படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பிறகு தமிழில் சொன்னாள். யாருடைய உத்தரவும் இல்லாமல், தமக்கு ஒப்படைக்கப்படாத ஒரு காரியத்தைத் தாமாகச் செய்ததால் நேர்ந்த காயம் என்பதால், கோரிக்கை ஏற்கப்படவில்லை.

"அந்த மொத வரிய இன்னொருவாட்டி படி," என்றார் எபினேசர்.

"யாருடைய உத்தரவும் இல்லாமல்."

"ஆமா," என்றார். இடது கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். இரண்டு விரல் மிஞ்சிய கையால் அதை மடிக்கப் பார்த்தார். முடியவில்லை. செண்பகம் வாங்கி மடித்துக் கொடுத்தாள்.

கடிதம் வந்த நாள் 23.09.2024, திங்கட்கிழமை.